பரிசோதிக்கப்படாதவர்கள்

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

இன்று ஒரு தவறைக் கண்டுபிடித்தேன். தவறு என்னுடையதுதான். கணவர் பரிசோதனைக் கட்டத்தில் காலியாக இருந்த இடங்களிலெல்லாம் பூஜ்யம் விழுந்திருக்கிறது. எங்கள் குறியீட்டில் பூஜ்யம் என்றால் 'குறை இல்லை'. காலி என்றால் 'பரிசோதிக்கப்படவில்லை'. ஜூலை 3 அன்று கோப்புகளை இணைத்தபோது நான் செய்தது. ஒரு மாதத்துக்கு மேல் கவனிக்கவில்லை. வேறு எங்கெல்லாம் இப்படிச் செய்திருக்கிறேனோ.

உமாராணி இவ்வளவு எழுதுவதற்குள் பக்கத்து அறையில் அம்மாவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "சரி மதினி... சரி மதினி..." என்று செல்போனில் அம்மா சொன்ன விதத்திலேயே மறுமுனையில் யார் என்று தெரிந்தது. அக்காள் செல்வராணியின் மாமியார் வடிவம்மாள். இந்த வாரத்தில் இது நாலாவது அழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வருகிறார்களாம். ஒரு முடிவோடு வருகிறார்களாம். அம்மா போனை வைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அணைக்கவில்லை.

செல்வராணிக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். பிள்ளை இல்லை.

உமாராணி பல்கலைக்கழகச் சுகாதார ஆய்வு மையத்தில் புள்ளியியல் உதவியாளர். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து மருத்துவப் புள்ளியியல் மாலை வகுப்புக்குப் போவாள். அன்றைய பாடம் விடுபட்ட தரவுகளைப் பற்றியது. பாதிப் பாடத்தில் தான் இணைத்த கோப்புகள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. வகுப்பு முடிந்ததும் நேரே மையத்துக்குத் திரும்பி, காவலாளியிடம் கெஞ்சிக் கதவைத் திறக்கச் சொல்லிக் கணினியைப் போட்டுப் பார்த்தாள். பயந்தது சரியாக இருந்தது.

வடக்கே வேம்பார், தெற்கே காயல்பட்டினம், இடையில் உள்ள ஊர்கள் எல்லாம் சேர்த்து, பிள்ளை இல்லாத 318 தம்பதிகளைப் பற்றிய ஆய்வு அது. பெண்கள் அத்தனை பேருக்கும் ரத்தம், ஸ்கேன், சாயம் ஏற்றி எடுக்கிற கருக்குழாய்ப் படம் என்று எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. ஆண்களுக்கு ஒரே ஒரு கட்டம். அதிலும் 251 காலி. களப்பணியாளர்கள் ஓரத்தில் காரணம் குறித்திருந்தார்கள். கடலுக்குப் போயிருக்கிறார். கடையில் மாற்று ஆள் இல்லை. துபாயில் இருக்கிறார். மாமியார் தேவையில்லை என்றார். இந்தக் கடைசிக் காரணம் மட்டும் தொண்ணூற்று மூன்று வீடுகளில்.

வந்து பரிசோதித்துக்கொண்டவர்கள் 67 பேர். அவர்களில் 29 பேருக்குக் குறை இருந்தது. நூற்றுக்கு நாற்பத்து மூன்று. வராத 251 பேரையும் குறையில்லாதவர்கள் என்று சேர்த்ததால் அது ஒன்பதாகச் சுருங்கிவிட்டது. அறிக்கையில் எப்படி அச்சானது என்றால், 'ஆண்களில் 91 சதவீதம் பேருக்குக் குறை இல்லை'.

புதன்கிழமை காலையிலேயே ஆய்வுத் தலைவர் டாக்டர் ராஜதுரையிடம் போய்ச் சொன்னாள். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முழுவதையும் கேட்டார். பத்திரிகைகளுக்குத் திங்களன்றே செய்திக் குறிப்பு போய்விட்டது என்றார். பிறகு சிரித்தார்.

"ஏம்மா, குறை உள்ளவன் வராம இருப்பானா? வரலைன்னா ஒண்ணும் இல்லைன்னுதான அர்த்தம்?"

இல்லை சார் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுடைய புத்தி அப்படி. சந்தேகம் உள்ளவர்கள் மட்டும் வந்திருக்கலாம், அதனால் நாற்பத்து மூன்றையும் எல்லாருக்கும் பொருத்திச் சொல்லக் கூடாது, தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும் என்று அதையும் சேர்த்துச் சொன்னாள்.

"பாத்தியா, உனக்கே நிச்சயம் இல்ல" என்றார் அவர். "அடுத்த மாசம் உன் ஒப்பந்தம் வருதுல்லா. வேலையப் பாரு. அடுத்த கட்டுரையில அந்தக் கட்டத்தையே எடுத்துருவோம்."

அவள் வேலையைப் பார்த்தாள். வியாழனன்று செய்தி வெளியானது. வெள்ளி விடுமுறை. சனி போயிற்று. நாட்குறிப்பில் இந்த நாட்களுக்கு அவள் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஞாயிறு பதினோரு மணிக்கு வாசலில் கார் நின்றது. சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்தார்கள். முதலில் வடிவம்மாள் இறங்கினாள். அப்புறம் அவள் மகன், செல்வராணியின் கணவன் சிவப்பிரகாஷ் பின்கதவைத் திறந்து இரண்டு பெரிய பைகளை எடுத்து வாசல்படியில் வைத்தான். செல்வராணி கடைசியாக இறங்கினாள். ஒரு ரப்பர்பேண்டு போட்ட ஆஸ்பத்திரி ஃபைலை மார்போடு அணைத்திருந்தாள். பைகளைப் பார்த்ததும் அம்மா உள்ளே போய்விட்டாள்.

அப்பா காசிலிங்கம் அன்று பலசரக்குக் கடையைத் திறக்காமல் சட்டை போட்டுக் காத்திருந்தார். மழை, வெயில், கடை வியாபாரம் என்று பேச்சு கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு வடிவம்மாள் கைப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தாள். ஒன்று வக்கீல் தட்டச்சு செய்து கொடுத்த விவாகரத்து மனு. மற்றது, ஒழுங்காகக் கத்தரித்து மடித்த பத்திரிகைச் செய்தி.

"அண்ணாச்சி, நாங்க கொற சொல்ல வரல. பெரிய படிப்புப் படிச்சவியளே போட்டிருக்காவ. ஆம்பிளையளுக்கு நூத்துக்குத் தொண்ணூத்தியொண்ணு ஒண்ணும் இல்லையாம். நாங்க ஆறு வருசம் பொறுத்தாச்சு. ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரிஞ்சிட்டா ஊருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் அசிங்கம் இல்ல."

எந்தப் பிள்ளைக்கு என்று அவள் சொல்லவில்லை.

காசிலிங்கம் செய்தியை வாங்கிப் படித்தார். மேலே பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துச் சின்ன மகளை நிமிர்ந்து பார்த்தார். உன் ஆபீஸ்தானே, மெய்தானா என்று அந்தப் பார்வை கேட்டது.

உமாராணி செய்தியை அவர் கையிலிருந்து வாங்கினாள். "அது தப்புப்பா" என்றாள். "நான் செஞ்ச தப்பு. டெஸ்டுக்கே வராதவங்களையும் நல்லா இருக்கிறவங்க கணக்குல சேத்துட்டேன்."

வடிவம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏளா, பேப்பர்ல வந்த பொறவா தப்புன்னு சொல்லுத? அக்காளுக்கு ஒண்ணுன்னதும் ஒனக்குக் கணக்கே மாறிட்டோ?"

செவ்வாய்க்கிழமையே தெரியும், தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொல்லாமல் உமாராணி சிவப்பிரகாஷின் பக்கம் திரும்பினாள்.

"அத்தான், நீங்க டெஸ்ட் எடுத்தீங்களா?"

அவன் செல்போனைக் கவிழ்த்து வைத்தான். பிறகு நிமிர்த்தி வைத்தான். பதில் சொன்னது அவன் தாயார்தான்.

"எம் மவன டப்பாவக் கையில குடுத்து ஆஸ்பத்திரி வரிசையில நிக்கச் சொல்லுதியா? எங்க குடும்பத்துல ஆம்பிளை எவனும் அப்படி நின்னதில்ல."

காசிலிங்கம் மகளைப் பார்த்து, "உமா, உள்ள போ" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மனுவைச் செல்வராணியின் பக்கம் நகர்த்தினார்.

செல்வராணி மனுவை முழுவதும் படித்தாள். 'மனைவியின் உடற்குறை காரணமாகக் குழந்தைப்பேறு இல்லாததால்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு ரப்பர்பேண்டை உருவி ஃபைலைத் திறந்தாள். யாருக்கும் காட்டவில்லை. தனக்குத்தானே வாசிப்பதுபோல ஆரம்பித்தாள்.

"சாயம் ஏத்திப் படம் எடுத்தது ரெண்டு தடவ. ரெண்டாவது தடவ வலியில நெனப்பு தப்பிட்டு. ஸ்கேன் பதினாறு. வயித்துல ஓட்ட போட்டுப் பாத்தது ஒண்ணு. எல்லாத்துலயும் கொற இல்லன்னுதான் இருக்கு. அடியில டாக்டரம்மா என்ன எழுதியிருக்காவ தெரியுமாப்பா? கணவரை அழைத்து வரவும். நாலு சீட்டுலயும் அதான். நாலு சீட்டையும் நான் வீட்டுல கொண்டு காட்டினேன்."

"இப்ப எதுக்கு அந்தக் கதை?" என்றாள் வடிவம்மாள்.

"நான் மாட்டேன்னு சொல்லலியே, அத்தை. பேனா தாங்க."

பேனாவைக் கொடுத்தது சிவப்பிரகாஷ். அவள் 'மனைவியின் உடற்குறை காரணமாக' என்ற வார்த்தைகளின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அதற்கு மேலே, இடம் போதாமல் நெருக்கி, ஆனால் தெளிவாக எழுதினாள்: 'மனைவிக்குக் குறை இல்லை. கணவர் பரிசோதிக்கப்படவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதி அவனிடமே நீட்டினாள்.

"இதக் கோர்ட்டுல குடுங்க. நான் வந்து ஆமான்னு சொல்லுதேன்."

அவன் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் முகம் வெளிறியிருந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவனைப் பற்றி ஒரு காகிதத்தில் ஒரு வரி ஏறியிருந்தது. வடிவம்மாள் தாளைப் பிடுங்கி நான்காகக் கிழித்தாள். வேறு மனு தட்டச்சு செய்ய எத்தனை நேரமாகும் என்றாள். காரில் ஏறும்போது சிவப்பிரகாஷ் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பைகள் படியிலேயே இருந்தன.

கார் தெருமுனை திரும்பியதும் காசிலிங்கம் வெடித்தார். ஒத்த வரியில எல்லாத்தையும் கெடுத்துட்டியே என்றார். உடன்குடியில் சிவப்பிரகாஷுக்குப் பெண் பேசி முடித்துவிட்டார்களாம், ஆவணியில் நிச்சயமாம், இனி எதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றார். கல்யாணமாக வேண்டிய இன்னொரு மகள் இருக்கிறாளே என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்பா" என்றாள் செல்வராணி. "பி.எட். படிச்ச பிள்ளை. தரகருக்குக் காப்பி போட்டுக் குடுத்ததே நான்தான். அத்தைக்கு எழுத வராதுல்லா, பொண்ணு வீட்டு விலாசத்த என்னையத்தான் எழுதிக் குடுக்கச் சொன்னாவ. அந்த வீட்டுலயும் இந்தப் பேப்பரத்தான் காட்டியிருக்காவ. ஒரு ஆள் ஒரு கேள்வி கேக்கலியாம்."

இதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் பைகளைத் தூக்கினாள். உமாராணி போய் ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை, விளக்கு வைக்கிற நேரத்தில், அவள் நாட்குறிப்பைத் திறந்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு.

புதன்கிழமைக்குப் பிறகு பேசாமல் இருந்தது என் இரண்டாவது தவறு. முதல் தவறு கைப்பிசகு. இது அப்படி இல்லை.

நாளை செய்ய வேண்டியது: காலையில் திருத்தக் கடிதத்தை ராஜதுரை சாரிடம் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட மாட்டார் என்று நினைக்கிறேன். போடாவிட்டால் என் பெயரிலேயே போகும். வேலையும் போகலாம். 67, 29, 251 மூன்று எண்களும் முதல் பத்தியிலேயே வர வேண்டும். மூன்று நகல் எடுக்க வேண்டும். ஒன்று சாருக்கு. ஒன்று பத்திரிகை அலுவலகத்துக்கு. மூன்றாவதை நானும் அக்காளும் பஸ்ஸில் உடன்குடிக்குக் கொண்டுபோக வேண்டும்.