கூரையைத் தொட்ட மீன்தொட்டி

எந்தச் சுறா என்று முடிவான அன்று முன்னறையில் இருந்தவர்கள் நாலே பேர்: பெரியவர், அவர் மனைவி, மனைவியின் தம்பி, மீன்தொட்டிக் கடைக்காரர். அந்தத் தம்பிக்கு உறவுக்குள் ‘வானொலி’ என்று பெயர். இந்த வீட்டில் ஒருவர் தும்மினால் இந்தத் தம்பியின் புண்ணியத்தில் மூன்று தெருவுக்கு ஜலதோஷம் பிடிக்கும். வேறு யாரும் அங்கே இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் பிறகு கேள்விப்பட்டவர்கள்.

விஷயம் இவ்வளவுதான். பெரியவரின் சம்பந்தி வீட்டில் ஒரு மீன்தொட்டி இருந்தது. சுவர் முழுக்க நீண்ட தொட்டி. மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சம்பந்தி இவரைத் தோளில் கைபோட்டு அதன் முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு மீனுக்கும் வம்ச வரலாறு சொல்லுவார். போன முறை பொறுக்கமாட்டாமல் பெரியவர், "எங்க வீட்டுக்குச் சுறா வருது" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது அவருக்கே தெரிந்தது. ஆனால் இந்தக் குடும்பத்தில் யாரும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கியதில்லை. சம்பந்தியும் பார்க்க வருவதாக நாள் குறித்துவிட்டார்.

கடைக்காரர் படங்களை மேசையில் பரப்பினார். பெரியவரின் விரல் நேராகப் போய்த் துடுப்பு நுனி கறுத்த சுறாவின் மேல் நின்றது. படத்திலேயே ஆளை மிரட்டும் மீன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். அது ஓயாமல் நீந்தினால்தான் மூச்சு, மூலையே இல்லாத குளம் மாதிரி தொட்டி வேண்டும், வீட்டை இடித்துத் தண்ணீர் நிரப்பினாலும் போதாது என்றார். வீட்டில் வளர்க்க மூங்கில் சுறாதான் சரிப்படுமாம். சிறிய உடம்பு. தரையில் கிடந்தபடியே மூச்சுவிடும்.

"படுத்தே கிடக்குமா?"

"பகல்ல பெரும்பாலும் படுக்கைதான் ஐயா. ராத்திரி சுத்தும்."

"உன்னை மாதிரியேதான்டா" என்றார் மனைவி, தம்பியைப் பார்த்து.

பெரியவர் சிரிக்கவில்லை. "பேரு சுறாதானே?"

"சுறாவேதான்."

"அப்ப சரி."

அடுத்தது தொட்டி. கீழேயே கிடக்கிற மீனுக்கு அகலமான தரைதான் முக்கியம் என்று கடைக்காரர் ஒரு தடவை சொன்னார். ஆனால் சம்பந்தியின் தொட்டி நீளம். நம்முடையதும் நீளமாக இருந்தால் அவரைப் பார்த்துச் செய்ததாக ஆகிவிடுமே. ஆகவே உயரம் என்று பெரியவர் தீர்மானித்தார். கூரையைத் தொடும் உயரம். கடைக்காரர் மனிதர்களைப் புரிந்த வியாபாரி. உயரமும் ஒரு கம்பீரம்தான் என்று அளவெடுக்கத் தொடங்கிவிட்டார்.

சம்பந்தி வந்தார். அண்ணாந்து பார்த்தார். கண்ணாடிக்குள் மேலிருந்து கீழே தெளிந்த தண்ணீர்.

"தண்ணி ரொம்ப நல்லா இருக்கு சம்பந்தி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மீனு?"

வானொலி தரையைக் காட்டினார். சம்பந்தி குனிந்தார், மண்டியிட்டார், கடைசியில் குப்புறப் படுத்தே விட்டார். பெரியவருக்கு நெஞ்சு நிறைந்தது. சம்பந்தி, இந்த வீட்டில், வயிறு தரையில் பட! சுறா வாங்கிய பலன் கிடைத்துவிட்டது.

அவர் கிண்டல் செய்திருந்தால் பெரியவர் பதிலடி கொடுத்திருப்பார். அதற்கு வேண்டியதெல்லாம் தயாராக இருந்தது. சம்பந்தியோ கண்ணாடியில் மூக்கு படப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தணிந்த குரலில், "திரும்பக்கூட இடமில்லையே இதுக்கு. வால் மடங்கிக் கிடக்கு. நீங்க பாக்கலையா?" என்றார்.

பார்க்கவில்லை. சுறா வந்த நாளிலிருந்து பெரியவர் தொட்டியை நின்ற உயரத்தில்தான் பார்த்து வந்தார். இந்தக் குடும்பத்து ஆண்களின் முதுகு யாருக்காகவும் வளைந்ததில்லை. வைத்தியர் அதற்கு வேறு பெயர் சொல்லி மருந்தும் கொடுத்திருக்கிறார். இப்போது மேசையைப் பிடித்து, மனைவியின் தோளைப் பிடித்து, ஒரு வழியாகக் கீழே இறங்கினார்.

பூனைக்கண் மாதிரி ஒரு கண் அவரைப் பார்த்தது. செவுள் திறந்து திறந்து மூடியது. கண்ணாடியில் உரசி உரசி வால் நுனி வெளுத்துப் புண்ணாகியிருந்தது.

"எங்க வீட்டுத் தொட்டியில தரை நிறைய இருக்கு சம்பந்தி. கொண்டு போகட்டுமா?"

பெரியவர் தொட்டியை அகலப்படுத்தப்போவதாகச் சொன்னார். எப்போது என்று மனைவி கேட்டார். பெரியவர் மறுபடி தொட்டிக்குள் பார்த்தார். அந்தக் கண் இன்னும் அவரை விட்டு நகரவில்லை.

"கொண்டு போங்க" என்றார் பெரியவர், தரையில் கிடந்தபடியே. "ஆனா நான் அனுப்பி வெச்சதா இருக்கணும்."

"நீங்கதான் அனுப்புறீங்க" என்றார் சம்பந்தி. எழுந்திருக்க அவருக்குக் கைகொடுத்தார்.

இந்த வீட்டில் ஒரு மீனைக்கூட வைத்துக் காப்பாற்றத் தெரியவில்லை, அதனால் சம்பந்தி பரிதாபப்பட்டுச் சுறாவைத் தூக்கிப்போனார் என்று வெளியே ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. சுறா அனுப்பிவைக்கப்பட்டது.