பட்டர் ஃப்ரூட்டுக்கு ஆறு குடம்

கண்ணாயிரத்துக்கு ஒரு யோசனை வந்தால் சரோஜாவுக்கு இடுப்பு வலி வரும். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. காடை வளர்த்தபோது கூண்டு கழுவியது அவள். காளான் போட்டபோது வைக்கோல் அவித்தது அவள். இரண்டும் ஊத்தி மூடிய பிறகு கூண்டையும் சாக்கையும் பழைய சாமான்காரனுக்குத் தள்ளிவிட்டவளும் அவள்தான். மனுஷன் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுமாப்பிள்ளை மாதிரி தெளிவாக நின்றார்.

இந்த ஆடியில் வந்த யோசனை பட்டர் ஃப்ரூட். மகாபலிபுரம் போன இடத்தில் வெள்ளைக்காரர்கள் அதை ரொட்டியில் தடவித் தின்பதைப் பார்த்திருக்கிறார். திரும்பி வரும்போதே அச்சரப்பாக்கம் ரோட்டோர நர்சரியில் ஓர் ஒட்டுச் செடி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"இந்த ஒண்ணு துளிர் வுட்டு நிக்கட்டும் சரோஜா. வேலைய எழுதிக் குட்த்துட்டு வந்து அரை ஏக்கர்லயும் அம்பது செடி வெக்கிறேன்."

மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் அவர் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். விடியும் முன் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் வீடு. வேலையை விட்டு வீட்டிலேயே இருந்தால் மட்டும் என்ன கிழித்துவிடுவார்? காடைக்காக ஒரு மாதம் லீவு போட்டார். அந்த மாதம் முழுக்கக் கட்டிலில் படுத்துக்கொண்டு செல்போனில் காடை வீடியோ பார்த்தார். அம்பது என்றதும் சரோஜாவின் இரண்டு முட்டியும் ஒன்றாக வலித்தன.

தென்னங்கன்று வைப்பது போலவே வைத்தார். மூன்றடிக் குழி, அடியில் இரண்டு படி கல்லுப்பு, சுற்றிலும் தண்ணீர் தேங்கப் பள்ளமாகப் பாத்தி. உப்பை அளந்து கொடுத்தவள் சரோஜா. அவள் அப்பன் வீட்டுத் தோப்பிலும் அப்படித்தான் செய்வார்கள். நல்ல மரம் என்றால் உப்புப் போட்டு வைப்பதுதானே முறை என்று இருவருக்கும் துளி சந்தேகம் இல்லை.

மோட்டார் ட்யூப் அதுவரை எட்டாது. தொட்டியில் மொண்டு குடத்தில்தான் கொண்டு போக வேண்டும். காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்று ஆரம்பித்தது. ஆவணி பிறந்தும் மழை ஏமாற்றியது. இலை நுனியெல்லாம் பீடி நெருப்பு பட்டதுபோலக் கருகியது.

"தண்ணி பத்தல. இன்னும் ரெண்டு ஊத்து" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார். ஆக, ஆறு குடம்.

பிரஷர் மாத்திரை வாங்க அச்சரப்பாக்கம் போன அன்று சரோஜா ஒரு கருகிய இலையைக் கிள்ளி பர்ஸில் வைத்துக்கொண்டு போனாள். அவருக்குச் செடி விற்ற நர்சரிக்கார மேரி அதைப் பார்த்ததுமே கேட்டாள்.

"இன்னாக்கா, குழில உப்பு போட்டீங்களா?"

"தென்னைக்குப் போடற மாதிரிதான்..."

"தென்னை உப்பு தின்னும்க்கா. இதுக்கு உப்பு வெஷம். தண்ணியும் நிக்கக்கூடாது, மேடு கட்டி வையின்னு அண்ணாத்த கையில தல தலயா அடிச்சிகினேன். எனக்குத் தெரியும்னு பூட்டாரு. சீக்கிரம் மண்ணோட பேத்து வேற எடத்துல வெச்சா பொழைக்கும். இல்லன்னா பத்து நாளு கூடத் தாங்காது."

பத்து நாள். பஸ்ஸில் வரும்போது அந்தச் சொல்லையே சரோஜா மனதுக்குள் உருட்டிக்கொண்டு வந்தாள். அவள் கொலை செய்ய வேண்டாம், கொத்த வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். செடி போய்விடும், அதோடு அம்பதும் போய்விடும். நிம்மதியாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு வெட்கமில்லை.

மேரி சொன்னதை அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஆறு குடமும் வழக்கம்போல ஊற்றினாள், ஊற்றாவிட்டால் கேள்வி வருமே. கண்ணாயிரம் பஸ்ஸுக்குப் போகும் முன் யூனிஃபார்மோடு குந்தி உட்கார்ந்து, "இன்னாம்மா, ஒடம்புக்கு முடியலியா?" என்று செடியைக் கேட்டார். முப்பது வருஷத்தில் தன்னை ஒரு தடவை இப்படிக் கேட்டிருந்தால் என்ன என்று அவளுக்கு வயிறு எரிந்தது. சாகட்டும் சனியன் என்று உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

நாலாம் நாள் மத்தியானம் குடத்தைச் சாய்க்கும்போது மூன்று இலை ஒன்றாக உதிர்ந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பொறுக்கினாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தன்னால் முடியவில்லை என்பதைத் தன் வாயால் சொல்லத் துணிச்சல் இல்லாமல், ஒரு வாயில்லாச் செடியைச் செத்துச் சொல்ல வைக்கப் பார்க்கிறோமே என்று அவமானமாக இருந்தது.

வெயிலிலேயே கடப்பாரை எடுத்தாள். வேர் அலுங்காமல் சுற்றிலும் தோண்டி, தாய்மண்ணோடு தூக்கிச் சாக்கில் வைத்து இழுத்தாள். பத்தடி தள்ளி மணலும் தொழு உரமும் கலந்து மேடு கட்டி நட்டாள். மேலே வைக்கோல் பரப்பி, தென்னங்கீற்றில் நிழல் வைத்தாள். அன்று அவளால் நிமிர்ந்து சோறு வடிக்க முடியவில்லை. செடி இடம் மாறியதைப் பார்த்துக் கேட்ட கண்ணாயிரத்திடம், உப்பு ஆகாதென்று மேரி சொன்னதை மட்டும் சொன்னாள்.

புரட்டாசி முதல் வாரம் செம்பு நிறத்தில் இரண்டு துளிர் வந்தது. கண்ணாயிரம் குதித்தார்.

"பாத்தியா! ஒன் கை ராசி சரோஜா. அம்பதுக்கும் நீதான் டாக்டரு!"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு போதும்யா."

"இன்னா?"

"ஒண்ணு போதும்னேன். என்னால முடியல. காடைக்கே முடியல, காளானுக்கே முடியல. சொல்லாம இருந்தேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேட்டியா?"

அவர் காது மடல் சிவக்க நின்றார். பிறகு ஏதோ செய்ய வேண்டுமே என்பதுபோலக் குடத்தை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். நிரப்பித் தோளில் ஏற்றி நடந்தவர் வேப்பமரத்தடியிலேயே இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். அது பாதி வழிகூட இல்லை.

"இன்னாடி இது, இவ்ளோ கனமா கீது?"

"தெனம் ஆறு" என்றாள் சரோஜா.

அவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து செடி வரைக்கும் பார்த்தார். அப்புறம் அவள் முட்டியைப் பார்த்தார். மிச்ச தூரம் போவதற்குள் இன்னும் இரண்டு தடவை குடத்தை இறக்கி வைத்தார், அம்பது என்ற பேச்சை எடுக்கவே இல்லை.