படகிலிருந்து ஓர் அழைப்பு

குளிர்காலத்தில் கடற்கரைக்குப் போய்த் தங்குகிறவர்கள் இரண்டே வகை. கையில் காசில்லாதவர்கள், மார்பில் மூச்சில்லாதவர்கள். நானும் என் மனைவி ஹிக்மத்தும் சேர்ந்தால் இரண்டு வகையும் நிரம்பிவிடும். நைல் கழிமுகத்திலுள்ள எங்கள் ஊர் சகாசீக்கைச் சுற்றி வைக்கோலை எரிக்கத் தொடங்கினால், அந்தப் புகையில் தெருவில் எதிரே வருவது மனிதனா கழுதையா என்பதை இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரயில்வேயில் காலம் தள்ளியவன் நான், சொல்கிறேன்: ஹிக்மத் மூச்சிழுக்கும் சத்தத்தைக் கேட்டு ஒரு சரக்கு ரயில் வெட்கப்பட்டு நின்றிருக்கிறது.

"இந்தக் குளிருக்கு எங்கயாவது கடலோரமாப் போய் இருந்துட்டு வாங்க. இல்லன்னா நான் பொறுப்பில்ல" என்றார் டாக்டர்.

எந்த ஊர் என்பதில் தொடங்கியது சண்டை. நான் அலெக்சாந்திரியா என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே பயம் வந்தது. அங்கே குளிர்காலப் புயல்களுக்கெல்லாம் பெயர் உண்டு. 'துடைப்பம்' என்ற புயல் ஒருமுறை என்னைக் குடையோடு தூக்கி, டிராம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டது. குடை மட்டும் பயணத்தைத் தொடர்ந்தது. இப்போது சைப்ரஸில் சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி.

"சரி, மர்சா மத்ரூ?"

"குளிர்ல அங்க யாருங்க இருப்பா?"

"ஒரு கடைக்காரன் இருப்பான். ஆளைப் பாத்தாலே கட்டிப்பிடிச்சு அழுவான்."

"எனக்கு அழறவன் வேணாம்."

"அப்ப ஹுர்காதா போவோம். நல்ல வெயில். ரஷ்யாக்காரங்க ஜனவரியிலயும் கடல்ல குளிக்கிறாங்க."

"அவங்க குளிக்கிறதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஹுர்காதா அத்தோடு முடிந்தது.

உண்மையில் அவள் ஊரைத் தேர்ந்தெடுத்து வெகுநாளாகியிருந்தது. ராஸ் எல் பர். நைல் நதி கடலில் விழும் முனை. அங்கே கடலுக்கு ஒரு தெரு தள்ளி அவளுடைய அப்பா கட்டிய வீடு இருக்கிறது. அப்பா போன பிறகு சாவி தம்பி ஷவ்கத்திடம். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவன் போன் செய்வான். "அக்கா, வீடு உன் வீடுதான். எப்ப வேணா வா" என்பான். இவள் கோடையில் வருவதாகச் சொன்னால், குழந்தைகள் வருகிறார்கள். இலையுதிர்காலம் என்றால், கூரை ஒழுகுகிறது. வசந்தம் என்றால், வண்ணம் பூசுகிறார்கள். அந்த வீட்டுக்குப் பூசிய வண்ணத்தையெல்லாம் சேர்த்து ஊற்றினால் சூயஸ் கால்வாயில் கப்பல் சிக்கிக்கொள்ளும்.

எங்கள் நாட்டில் இதற்குப் பெயரே உண்டு, படகுக்காரன் அழைப்பு. நடு ஆற்றில் படகில் போகிறவன் கரையில் நிற்பவனைப் பார்த்து, "வாங்க, சாப்பிடலாம்!" என்று கூவுவான். கரையிலிருப்பவன் நீந்தியா வரப்போகிறான்?

போதாததற்கு ஷவ்கத் தம்யத்தாக்காரன். ராஸ் எல் பருக்குப் பக்கத்து ஊர், சிக்கனத்துக்குப் பேர்போனது. தம்யத்தா வீடுகளில் விருந்தாளியிடம் எப்படிக் கேட்பார்கள் தெரியுமா? "ராத்திரி சாப்பிடறீங்களா, இல்ல லேசான வயித்தோட நல்லாத் தூங்கறீங்களா?" நாங்கள் சகாசீக் பக்கத்து ஷர்கிய்யாக்காரர்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் வந்து நின்ற ரயிலையே மொத்தமாக விருந்துக்கு அழைத்த பரம்பரை. அந்த ரயிலுக்குக் கொடி காட்டி நிறுத்தியவர் என் தாத்தாவின் சித்தப்பா. என்ஜினுக்கும் ஒரு தட்டு வைத்தாராம்.

"ஹிக்மத், அவன் படகுல இருந்து கூப்பிடறான். நீ முழங்கால் அளவு தண்ணில எறங்கிட்ட."

"உங்களுக்கு எல்லாம் கிண்டல்தான். அவன நான் இடுப்புல தூக்கி வளத்திருக்கேன். கூப்பிடறது மனசாரத்தான். நேரம் சரியா அமையல, அவ்வளவுதான்."

அவளுக்கு அந்த வீட்டின் செங்கல் வேண்டியிருக்கவில்லை. தம்பி ஒரே ஒரு முறை மெய்யாகக் கூப்பிட வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் போதும். அதற்காகத்தான் ஆண்டாண்டாகப் பெருநாள் காலையில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று அவளே போன் செய்தாள். நான் என் பங்குக்குச் சாக்குகளை ஊகித்துக்கொண்டிருந்தேன். இம்முறை குழாய் வெடித்திருக்கும் என்று எனக்கு நானே பந்தயம் கட்டினேன்.

"வாக்கா! நாளைக்கே வா! குளிர் முழுக்க இரு! மச்சானையும் கூட்டிட்டு வா!"

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மணப்பெண்ணாக வந்த நாளில்கூட அப்படி ஜெயித்த முகத்தோடு என்னைப் பார்த்ததில்லை. படகுக்காரன் துடுப்புப் போட்டு நேராகக் கரைக்கு வந்துவிட்டான்!

ராஸ் எல் பரில் இறங்கினோம். கடைகளெல்லாம் பூட்டு, ஐஸ்கிரீம் வண்டிகள் தார்ப்பாய்க்குள் தூக்கம், தெருவில் இரண்டு பூனையும் நாங்களும். ஷவ்கத் வாசலில் கையை விரித்து நின்றான். மேஜையில் வெங்காயம் அடைத்த வாத்து. கன்றுக்குட்டி அளவு வாத்து! தம்யத்தாக்காரன் கேள்வியே கேட்காமல் எனக்கு இரண்டு தொடையும் வைத்தான். ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்று என் வயிறு சொன்னது. ஆனால் வாய் மும்முரமாக இருந்ததால் வெளியே சொல்ல முடியவில்லை.

ஹிக்மத் அறை அறையாக நடந்தாள். ஜன்னல் கட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். ரொட்டிக் கடையில், மீன் கடையில், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "தம்பி கூப்பிட்டான், வந்தேன்" என்றாள். இருமல் குறைந்துவிட்டது. கடல் காற்று என்று அவள் சொன்னாள். கடல் காற்று அவ்வளவு விரைவாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

சில நாள் கழித்து, பிற்பகலில், ஷவ்கத் ஒரு பெட்டி ஜிலேபியோடு வந்தான். கூடவே தம்யத்தா மரச்சாமான் வியாபாரி ஒருவர். பருத்த மனிதர். உட்காரவில்லை. சுவரைத் தட்டினார், கூரையை அண்ணாந்து பார்த்தார், கூடத்தைக் காலால் அளந்தார்.

"இத இடிச்சுட்டு அஞ்சு மாடி தாராளமா ஏத்தலாம்" என்றார், ஜிலேபியை எடுத்துக்கொண்டே.

ஷவ்கத் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். குரலில் தேன்.

"ஒண்ணுமில்லக்கா. வீடு இன்னும் அப்பா பேர்லதான் கெடக்கு. காலைல பதிவு ஆபீஸ் வரைக்கும் வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டாப் போதும். சீசனுக்கு முன்னாடி வேலைய ஆரம்பிக்கணும்ங்கிறார். உன் பங்கு உன் கைக்கு வந்துரும், சத்தியமா."

ஹிக்மத் அவன் பக்கம் திரும்பினாள்.

"இதுக்குத்தான் கூப்பிட்டியாடா?"

"என்னக்கா இப்படிக் கேக்கற! வீடு உன் வீடுதானே."

"ஆமா" என்றாள். "என் வீடுதான். குளிர் முழுக்க இருன்னு நீதானே சொன்ன? இருக்கேன். அது முடிஞ்சப்புறம் கையெழுத்தப் பத்திப் பேசலாம்."

"அக்கா, பெரிய மனுஷர் வந்திருக்கார்…"

"அவரு சாப்பிடட்டும். ஜிலேபி நல்லாருக்கு."

வியாபாரி ஷவ்கத்தைப் பார்த்தார். ஷவ்கத் என்னைப் பார்த்தான். "மச்சான், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க." நான் ஜிலேபியைப் பார்த்தேன்.

"நான் பங்கு கேட்டனா ஷவ்கத்? இத்தன வருஷத்துல ஒரு நாள் கேட்டனா? சும்மா ஒரு தடவ, ஒரே தடவ, வாக்கான்னு…" அதற்கு மேல் இருமல் அவளைப் பேசவிடவில்லை.

அன்று போனவன் திரும்பி வரவில்லை. மறுநாள் வீட்டில் மின்சாரம் இல்லை. இணைப்பு அவன் பேரில் இருந்தது. நாங்கள் இரண்டு கம்பளிக்குள் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு வாழ்ந்தோம். என் மீசையில் உறைந்த பனியை ஒடித்துத்தான் தேநீரில் சர்க்கரை என்று போட்டுக்கொண்டேன். சுவர்களில் ஈரம் ஏறி நாடுகளின் வரைபடம் வரைந்தது. அதில் சகாசீக்கை நான் தெளிவாக அடையாளம் கண்டேன்.

"கெளம்பலாம் ஹிக்மத். அலெக்சாந்திரியா கூடப் பரவால்ல. அந்தத் துடைப்பத்துக்கு நம்மகிட்ட பகை ஒண்ணுமில்ல."

"இல்லங்க. வருவான்."

எங்கள் மாடி அறையில் கடலைப் பார்த்த ஜன்னல் ஒன்று, தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று. குளிர் முழுக்க அவள் தெரு ஜன்னலில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு மோட்டார் சைக்கிள் திரும்பினால் தலை நிமிரும். கடலுக்கு வந்து கடலைப் பார்க்காமலே ஒரு குளிரைக் கழித்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். இதில் மிகை எதுவும் இல்லை.

காற்று சூடாகத் தொடங்கிய ஒரு காலையில் அவன் வந்தான். மாடி ஏறவில்லை. தெருவில் நின்றுகொண்டே கூவினான்.

"மச்சான்! அவகிட்ட கேட்டுச் சொல்லுங்க, என்ன முடிவுன்னு!"

"மேல வாடா, தேநீர் குடி" என்றேன்.

"வேலை இருக்கு மச்சான்."

ஹிக்மத் ஜன்னலில்தான் இருந்தாள். அவள் கண்ணுக்கு நேர் கீழே அவன் நின்றான். அவன் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் எழுந்து தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"போய்க் கையெழுத்துப் போட்டுரலாம்" என்றாள் என்னிடம். "இந்த வீடு நடுவுல கெடக்கறதாலதான் அவனுக்கு என் மூஞ்சியப் பாக்க முடியல. வீடு போனா, சும்மாவாவது கூப்பிடுவான்."

நான் அவள் செருப்பை எடுத்து வைத்தேன்.

பதிவு ஆபீசில் கையெழுத்திட்டாள். பங்கைக் குறைவில்லாமல் கொடுத்தான், அதைச் சொல்லியாக வேண்டும். வாசலில் அவசரமாகக் கை குலுக்கிவிட்டு வியாபாரியின் காரில் ஏறிக்கொண்டான்.

நோன்புப் பெருநாள் வந்தது. ஹிக்மத் விடிந்ததிலிருந்து போன் பக்கத்தில் இருந்தாள். குவைத்திலிருந்து மகன் பேசினான். பக்கத்து வீட்டுக்காரி பேசினாள். தவறான எண்ணில் ஒருவன் பேசினான், அவனிடமும் அவள் நலம் விசாரித்தாள். பிற்பகலில் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். பொய்யாகக்கூட 'வா' என்று கூப்பிட அவனிடம் இப்போது வீடில்லை.

இதோ, மறுபடியும் வைக்கோல் எரிக்கிறார்கள், மறுபடியும் அந்த மூச்சு. டாக்டர் மறுபடியும் அதையே சொல்கிறார். நான் நேற்று போர்ட் சைதைப் புகழ்ந்து பேசினேன். அங்கே மீன்கள் தாமாகவே சட்டிக்குள் குதித்து, உப்பு போதுமா என்று கேட்கும் என்றேன். வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது சொல்லி என்னை மடக்குவாள்.

"நீங்களே பாருங்க" என்றாள். "எங்க வேணா போலாம். எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லாத ஊரா இருந்தாப் போதும்."