மூன்று பூச்சியத்தில் முடிந்த விலாசம்

காரிமங்கலம் பக்கத்து நூற்பாலைக்குக் கம்ப்யூட்டர் வந்த நாள் முதல் அந்த ஏசி அறைக்கு மரியசூசைதான் ராஜா. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்று சட்டம் போட்டவரும் அவரே. மானேஜர் முனிராஜ்கூட வெறுங்காலோடுதான் வருவார். அப்படிப்பட்ட அறைக்கு எண்பத்தேழில் காவேரி என்ற பெண் புரோகிராம் எழுத வந்தாள். வந்த சூட்டோடு மானேஜர், "எதுக்கும் காவேரியைக் கேளுப்பா" என்று சூசையிடமே சொல்லப் பழகிவிட்டார். சூசைக்கு வயிறு எரிந்தது. அவளுடைய டிபன் பாக்ஸைப் பார்த்தால்கூட எரிந்தது. இதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது, பொறாமைதான்.

புது மெஷின் பயிற்சிக்குப் பெங்களூருக்கு ஒரே ஆள்தான் போகலாம். போய் வருகிறவர்தான் இனி அறைக்குத் தலைவர். மானேஜர் வாயில் காவேரி பெயர் அடிபடத் தொடங்கிய வாரத்தில், இருவரும் சேர்ந்து எழுதிய ஸ்டாக் புரோகிராம் பாதியில் நிற்க ஆரம்பித்தது.

மெஷினின் நினைவகம் பக்கம் பக்கமாகப் பிரிந்திருந்தது. இனி எழுதக் கூடாது என்று பூட்டிய பக்கத்தில் எழுதப் போகிற புரோகிராமை மெஷின் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, தப்பு நடந்த இடத்தின் விலாசத்தைத் திரையில் காட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே விலாசம், கடைசியில் மூன்று பூச்சியம். சூசை தேடிப் பார்த்தார். அந்த விலாசத்தில் இருந்தது காவேரி போட்ட வியாபாரிகள் அட்டவணையின் முதல் வரி! அவருக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது.

"நான் சொல்லல சார், மெஷினே சொல்லுது" என்றார் மானேஜரிடம்.

"எத்தனையோ தடவ பாத்துட்டனுங்க சார், தப்பு எங்கன்னே தெரியலீங்க" என்றாள் காவேரி. அவள் கண் கலங்கியது சூசைக்கு இனித்தது.

அதோடு விட்டிருக்கலாம். பொறாமை விடுமா? மானேஜரை உட்காரவைத்து, அவள் அட்டவணையின் முதல் வரியில் வேண்டுமென்றே எழுதிக் காட்டினார். அதே விலாசம் வந்தது.

"பாத்தீங்களா சார்?"

"சரி, உன்னோடதுல எழுதுனா என்ன காட்டுது? அதையும் போடு."

சூசையின் நூல்மூட்டை அட்டவணை அதே பக்கத்தில், அவளுடையதற்குப் பின்னால் இருந்தது. தெம்பாகத் தட்டினார். அதே விலாசம், அதே மூன்று பூச்சியம். கடைசி வரியில் தட்டினார். அதுவேதான்.

அந்த மெஷினின் வன்பொருளுக்கு எந்தப் பக்கம் என்று மட்டும்தான் தெரியும். பக்கத்தில் எந்த இடம் என்று தெரியாது. தெரியாத இடத்தை ஆப்பரேட்டிங் சிஸ்டம் பூச்சியம் போட்டு நிரப்பியிருந்தது. தெருப் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு, முதல் வீட்டுக்காரியைத் திருடி என்றிருக்கிறார் சூசை.

மானேஜர் எழுந்து வெளியே போனார். காவேரி சூசை எழுதிய புரோகிராம் வரிகளைப் படித்துப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பக்கத்தைப் பூட்டுன பிறகு உங்க புரோகிராம் வரி ஒண்ணு அதுல எழுதுதுங்க சார். சரி பண்ணிட்டு, மெஷின் கோளாறுன்னே சொல்லிக்கலாமுங்க."

அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மாதாவே, இந்த நல்ல மனசையும் இவளுக்கே கொடுத்தாயா? முன்னைவிட அதிகமாக எரிந்தது. பெங்களூர் போனால் போகிறது, பெருந்தன்மையையும் இவளிடம் விட முடியாது.

"சார், நில்லுங்க! தப்பு என்னுதுதான். அந்தப் பொண்ணையே அனுப்புங்க!" என்று கத்திக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல், வெயிலில் ஓடினார்.