மூன்று மணிக் காட்சித் தூக்கம்

நகரத்து நாடகச் செய்திகள் வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் எட்டாம் பக்கத்தில் வரும். எந்த அரங்கில் என்ன புதுசு, யார் எந்தக் குழுவை விட்டு எங்கே தாவினார், எந்த அரங்கத்தின் கூரை ஒழுகுகிறது, எல்லாம் அதில் இருக்கும். போன மாதம் அந்தப் பக்கத்தில், “இந்த நகரத்தில் இப்போது பார்க்க வேண்டிய நடிப்பு ஒன்றே ஒன்றுதான், அது ஒரு தூக்கம்” என்று எழுதியிருந்தார்கள். கட்டிலக்கா அதைப் படித்துவிட்டு, பத்திரிகையை நாலாக மடித்துக் கைப்பைக்குள் செருகிக்கொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் நடிக்கவே இல்லை. நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தாள்.

கட்டிலக்கா என்பது குழுவில் வைத்த பெயர். நாடகம் முழுக்க மேடை நடுவில் ஒரு கட்டில், அதில் நோயாளித் தாய். சுற்றிலும் அவள் பிள்ளைகள் மூன்று பேர் நின்று, வீட்டை என்ன செய்வது, அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறார்கள். கடைசியில் மகள் தோளைத் தொட்டு, “அம்மா, மழை விட்டுடுச்சு, எழுந்திரு” என்பாள். தாய் கண் விழித்து, “யாரு வந்திருக்கா?” என்பாள். விளக்கு அணையும். அந்த இரண்டு வார்த்தைதான் அவளுக்கு வசனம். முப்பது வருடமாகப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தவளுக்கு இப்படியொரு வேஷமா என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். கொஞ்சம் பொறாமையும் பட்டார்கள்.

கணவர் காலமாகி மூன்று வருடம். அன்றிலிருந்து வீட்டில் அவள் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியதில்லை. மாத்திரை, வெந்நீர்க் குளியல், மூச்சுப் பயிற்சி, எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் மேடைக் கட்டிலில் தலை வைத்து, பெரிய மகன் வேஷக்காரன் தொண்டையைச் செருமி ஆரம்பித்ததும் இமை கனக்கும். பலகைத் தரையில் காலடிகள் இங்கும் அங்கும் போகும். விளக்கு வெளிச்சம் மூடிய கண்ணுக்குள் செம்மஞ்சளாகக் கசியும். யாரோ யாரையோ திட்டுவார்கள். அவள் போய்விடுவாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூன்று மணிக் காட்சி. ஆக வாரத்துக்கு மூன்று மணி நேரத் தூக்கம். அதை வைத்துத்தான் எட்டு மாதமாக மனுஷி நடமாடிக்கொண்டிருந்தாள்.

இந்த ரகசியம் தெரிந்தவள் மகள் வேஷக்காரி ஒருத்திதான். ‘எழுந்திரு’ என்ற சொல்லோடு போர்வைக்கு அடியில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளுவாள். பாவம், இயக்குநருக்கு ஒன்றும் தெரியாது. “அந்த மூச்சை எங்கேக்கா பிடிச்சீங்க? அவ்வளவு சீரா வருது” என்று வியப்பார்.

“எல்லாம் பழக்கம்தான் தம்பி” என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவாள்.

இந்த வெள்ளிக்கிழமை, எட்டாம் பக்கத்தின் அடியில் இரண்டே வரி. ஞாயிற்றுக்கிழமையோடு நாடகம் முடிகிறது. அரங்கத்துக்கு வேறொரு குழு வருகிறது. கட்டிலக்கா அன்று மாலையே அரங்கத்துக்குப் போய், மேடைச் சாமான்களைப் பார்த்துக்கொள்பவரிடம் தலையணையையும் போர்வையையும் ஒருநாள் இரவல் கேட்டாள்.

“இதையா? எட்டு மாசமா துவைக்கலியேக்கா.”

“பரவாயில்ல, கொடுங்க.”

வீட்டில் இருப்பது அவளும் தங்கையும்தான். தங்கைக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. பகலெல்லாம் வாய் ஓயாது. வீட்டுக்கு வந்துவிட்டால் அக்கா தூங்க வேண்டும் என்று பூனை நடைதான். கடிகாரத்தில் பேட்டரியைக் கழற்றிவிட்டாள். கதவுக்கீல்களுக்கு எண்ணெய் விட்டாள். எட்டு மணிக்கு மேல் அந்த வீட்டில் ஊமைப் படம்தான் ஓடும். தலையணையைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து ‘என்ன இது?’ என்றாள். ‘காலையில் சொல்றேன்’ என்று கட்டிலக்கா சைகை காட்டினாள். அந்தத் தலையணையிலும் பொட்டுத் தூக்கம் வரவில்லை.

காலையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தங்கை தேநீரை ஆறவிட்டுக் கேட்டாள்.

“நாளைக்கு லீவு போட்டுட்டு வர்றேன். நீ தூங்கறதை ஒரு தடவை பார்க்கணும்” என்றாள்.

சனிக்கிழமைக் காட்சியில் கட்டிலக்கா வழக்கம்போல் தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை, ஆசை தீரத் தூங்கிவிட வேண்டும் என்று படுத்தாள். இதுதான் கடைசி என்ற நினைப்பு ஒன்றே அதைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது. தூக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எட்டு மாதத்தில் முதன்முறையாக நாடகத்தை முழுக்கக் கேட்டாள். குரல்கள் கட்டிலைச் சுற்றி மிதந்தன. எல்லோரும் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் இல்லாத மாதிரியும், அவளைத் தவிர வேறு யாருமே இல்லாத மாதிரியும். சின்ன மகன் அம்மாவுக்காகப் பரிந்து பேசும் ஒரு வசனம் இருப்பதே அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று.

“அம்மா, மழை விட்டுடுச்சு, எழுந்திரு.”

கிள்ளு விழுந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் இது போய்விடும். பிறகு அந்த வீடும் விழித்துக் கிடக்கும் இரவுகளும்தான். இன்னொரு கிள்ளு, கொஞ்சம் பலமாக.

“அம்மா, எழுந்திரும்மா.” மகள் வேஷக்காரி தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பெரிய மகன், எழுதாத வசனம் ஒன்றை எடுத்துவிட்டான். “அசதி போலிருக்கு.”

மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

“எழுப்பாதீங்க” என்றாள் தங்கை. “தயவுசெஞ்சு எழுப்பாதீங்க. தூங்கட்டும். மூணு வருஷமாச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. விளக்குக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் வெளிச்சத்தை மெல்ல மெல்லக் குறைத்தார். கைதட்டல் இல்லை. முந்நூறு பேர் எழுந்து, நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, ஓசைப்படாமல் மடக்கிவிட்டு நகர்ந்தார்கள். சிலர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டது போலிருந்தது. கட்டிலக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள். நான் முழித்துத்தான் இருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? கண்ணோரம் நனைந்தது. துடைக்கவும் வழியில்லை.

தங்கை மேடையேறி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். “மன்னிச்சுக்கோங்க, நாடகத்தைக் கெடுத்துட்டேன்” என்று இயக்குநரிடம் கிசுகிசுத்தாள்.

“மெதுவா பேச வேணாம்க்கா” என்றாள் மகள் வேஷக்காரி. “நாங்க கத்தற கத்தலுக்கு நடுவுலதான் ஒவ்வொரு காட்சியிலும் தூங்கறாங்க. பேச்சு நின்னாத்தான் புரள்வாங்க.”

தங்கை போர்வையை அக்காவின் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

“தும்மல் வந்தாக்கூட நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டுத்தானே தும்மினேன்” என்றாள்.

யாரோ முக்காலியை இழுத்துப் போட்டார்கள். எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தங்கை அக்காவின் காலில் கை வைத்தபடி, வரவேற்பு மேசையில் பேசும் தன் முழுக் குரலில் ஆரம்பித்தாள். “எங்க டாக்டர் விரலை ஒருத்தர் கடிச்சுட்டார், கேளுங்க. பெரிய மனுஷர். நல்ல உத்தியோகம். வாயைத் திறந்தவர் மூடிட்டார்…”

கடித்தவர் அப்புறம் என்னதான் சொன்னார் என்று தெரிந்துகொள்ள கட்டிலக்காவுக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. தெரிந்துகொள்ளவில்லை. தூங்கிவிட்டாள்.