துண்டுக்கடியில் சாச்சா சொன்ன பதில்

1

உண்மையைச் சொல்லிவிடலாம்: இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. இதை எழுதும் சுகரா பேகத்தை ரங்கூனில் 'காலா' என்றார்கள், அதாவது கடல் தாண்டி வந்த இந்தியக்காரி. போன வருஷக் கலவரத்துக்குப் பயந்து ஆம்பூருக்கு வந்தால், இங்கே 'பர்மாக்காரி'. அத்தா ஆம்பூர்த் தோல் வியாபாரி, காலமாகிவிட்டார். அம்மா மா தின் பர்மியப் பெண். இன்னும் ரங்கூனில் இருக்கிறாள். அத்தாவின் தம்பி அப்துல் சமத், சுகராவுக்குச் சாச்சா, ஒரு வார்த்தை சொன்னால் அம்மாவும் இங்கே வந்துவிடலாம். அவர் சொல்லவில்லை. அதனால் நாவல்.

('நான்' என்றே எழுதியிருப்பாள். சாச்சாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும் என்பதால் 'அவள்'.)

2

பாலாறு சலசலவென்று பாய்ந்துகொண்டிரு—

பொய். பாலாற்றில் மணல்தான் இருக்கிறது.

கல்நெஞ்சரான சாச்சா—

இதுவும் நிற்கவில்லை. கல்நெஞ்சர் இன்று காலையில் அவளுக்குப் பிடிக்குமென்று கருவாடு வாங்கி வந்தார். வில்லன் கருவாடு வாங்கினால் நாவல் என்னாவது?

3

ஆகவே சாச்சா வியாபாரம் செய்யும் தோல் மண்டிக்கே போய்க் கேட்டாள். (பெண்பிள்ளை மண்டிக்குப் போகலாமா என்பவர்கள் நாலாம் பகுதிக்குத் தாவிவிடலாம்.)

"சாச்சா, அம்மாவ வரச் சொல்லட்டுமா?"

தரகர் அருணகிரி முந்திக்கொண்டார். "இன்னா சாய்பு, வீட்ல பர்மாக்காரங்க ஜாஸ்தி ஆயிடுவாங்க போல?"

"அந்தப் பேச்சே வேணாம்" என்றார் சாச்சா, மண்டிக்கே கேட்கும்படி. சொல்லிக்கொண்டே கைமேல் துண்டைப் போட்டு அவள் பக்கம் நீட்டினார்.

மண்டியில் பேரம் துண்டுக்கடியில், விரலால். வாய் பேசுவதெல்லாம் சுற்றி நிற்பவர்களுக்கு. விரல்களை மொத்தமாகப் பிடித்து அழுத்தினால் சம்மதம். அதை அங்கேயே வாய்விட்டுச் சொன்னால் பேரம் முறிந்தது.

துண்டுக்கடியில் போன அவள் விரல்களைச் சாச்சா அழுத்தினார்.

வியாபாரி மகள் வாயை மூடிக்கொண்டிருப்பாள். நாவலாசிரியைக்கு முடியவில்லை. "சம்மதிச்சிட்டார்" என்றாள்.

சாச்சா துண்டை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யார் சம்மதிச்சா? கிறுக்குப் பொண்ணு."

"கெடுத்துட்டியேம்மா" என்றார் அருணகிரி. "உங்க அத்தா இருந்தா தலைல அடிச்சிக்குவாரு."

4

முடிவு ஒன்று: அம்மா ரங்கூனிலேயே இருந்துவிடுகிறாள். அழ விரும்புகிறவர்கள் அழலாம்.

முடிவு இரண்டு: மதராஸ் துறைமுகம், கப்பல், கண்ணீர், சாச்சா ஓடி வந்து— (சாச்சா ஓட மாட்டார். முழங்கால் வலி. இந்த வரியை அடித்துவிடவும்.)

நடந்தது வேறு. இன்று ஜும்மா தொழுகை முடிந்து வந்தவர், சோற்றுக்கு உட்காருமுன் மறுபடியும் கைமேல் துண்டைப் போட்டார். அவள் கையை உள்ளே விட்டாள்.

விரல்கள் என்ன சொல்லின என்று கேட்காதீர்கள். எழுதினாலும் வாய்விட்டதாகத்தான் கணக்கு. முடிவு இல்லாமல் தூக்கம் வராதென்றால், மேலே இருக்கும் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இவளுக்கு அம்மா வேண்டும்.