முதல் பட்டனுக்குச் சந்தனம்

என் மச்சினன் ஸ்ரீஹரி அமெரிக்காவில் ஐந்து வருஷம் இருந்துவிட்டுத் திருப்பதிக்குத் திரும்பியவன். அமெரிக்கா அவனை விட்டுவிட்டது. அவன்தான் அமெரிக்காவை விடவில்லை. சித்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தால், தண்ணீர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். பார்த்துவிட்டு அதையே குடிப்பான்.

முப்பத்தாறு வயசாகியும் கல்யாணம் அமையவில்லை. முதலில் பெண்களுக்கு எக்ஸ்போஷர் போதாது என்றான். பிறகு பெண்கள் அவனை வேண்டாம் என்றார்கள். கடைசியாக வந்தது கலைவாணி. பாலசமுத்திரத்துப் பெண், சிங்கப்பூரில் வேலை. ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் போனிலேயே வழி சொல்லும் வேலை. விஜயதசமி காலையில் வீடியோவில் இருவரும் பேசுவதாக ஏற்பாடு. அதற்காக லேப்டாப்போடு முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

முந்தின நாள் ஆயுத பூஜை. என் மனைவி தாட்சாயணி மிக்ஸி, குக்கர், ஸ்கூட்டர், போர் மோட்டார் எதையும் விடவில்லை. தம்பி குளிக்கப் போனதும் அவன் லேப்டாப்பைத் திறந்து, எல்லாவற்றுக்கும் முதலாக இருக்கட்டும் என்று மேல் வரிசை முதல் பட்டனுக்குத் தாராளமாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தாள்.

காலையில் திறந்தவன், "ஏன்க்கா இப்படி?" என்று சலித்துக்கொண்டு கர்சீப்பால் துடைத்தான். மேலே இருந்தது போனது. உள்ளே இறங்கியது காய்ந்து கிடந்தது. ஆன் பண்ணினால் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து, விடாமல் பீப் பீப்.

"மதர்போர்டு போச்சு மாமா," என்றான். "இந்த ஊர்ல யாருக்கும் புரியாது."

"திருப்பதிக்கு எடுத்துக்கினு போலாமா?"

"கடையெல்லாம் மூடிக்கினு இருப்பான். இதோட இந்தச் சம்பந்தமும் போச்சு." போட்டிருந்த புதுச் சட்டையின் காலரைத் தளர்த்திக்கொண்டான்.

அவன் செல்போன் அடித்தது. கலைவாணிதான்.

"எடுக்காதீங்க! லேப்டாப் ஆன் பண்ணத் தெரியாதவன்னு நெனச்சுக்குவா."

தாட்சாயணி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "நான் அவன் அக்கா பேசறேம்மா. பொட்டி எழுந்திரிக்க மாட்டேங்குது."

ஸ்ரீஹரி தொண்டையைச் செருமிக்கொண்டான். "மதர்போர்டு ஃபெயிலியர்ங்க."

"அது நீங்க சொல்றது. ஸ்கிரீன் என்னா சொல்லுது?"

அதை அவன் படிக்கவே இல்லை. இப்போது குனிந்து படித்தான். "ஸ்டார்ட்டப் மெனு..."

"பீப்புனு கத்திக்கினே இருக்குதா?"

"ஆமா."

"ஏதோ ஒரு கீ அமுங்கி ஒட்டிக்கினு இருக்குது. காபி கொட்டினீங்களா?"

"நானா? எங்க அக்கா ஆயுத பூஜைக்கு..." என்று ஆரம்பித்தவன் அக்கா முகத்தைப் பார்த்தான். "நான்தாங்க கொட்டிட்டேன்."

"பொய் சொல்றான்மா," என்றாள் தாட்சாயணி. "சந்தனம் வச்சது நானு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

"அணைச்சிட்டு பேட்டரிய கழட்டுங்க. ஈரத்துணிய நல்லா பிழிஞ்சு துடைங்க. ஓரத்துல ஊசி மாதிரி எதுனா விட்டு மெதுவா தூக்குங்க."

தாலிச் சரட்டில் இருந்த ஊக்கை தாட்சாயணி கழற்றிக் கொடுத்தாள். ஸ்ரீஹரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நோண்டினான். சந்தனத் தூள் உதிர்ந்தது. பட்டன் 'டிக்' என்று மேலே வந்தது. காய விட்டு, பேட்டரி போட்டு, அமுக்கினான். பீப் இல்லை. விண்டோஸ் ஜன்னல் படம் வந்தது.

வீடியோவில் கலைவாணி வந்தாள். சாதாரணச் சுடிதார், கொண்டையில் செருகிய பென்சில்.

"உண்மைய சொல்லிடறேன்," என்றாள். "உங்க பயோடேட்டா மூணு பக்கம். படிச்சுட்டு வேணாம்னு சொல்லத்தான் இன்னிக்கு உக்காந்தேன்."

ஸ்ரீஹரி தளர்த்திய காலரைச் சரிசெய்தான். "இப்போ?"

"அக்காவுக்காக பொய் சொல்றது அதுல எந்தப் பக்கத்துலயும் இல்லியே." அவள் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். "தீபாவளிக்கு ஊருக்கு வரேன். வீட்ல வந்து பேசுங்க. இப்போ கொஞ்சம் நகருங்க, அண்ணி தெரியல."

ஐந்து வருஷ அமெரிக்கா மறுபேச்சில்லாமல் நகர்ந்து உட்கார்ந்தது.

"டிபன் துன்னியாம்மா?" என்றாள் தாட்சாயணி, திரையைப் பார்த்து.